பத்துக்கு மூன்றும் ஒரு நாயும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் நேரம் போதாமல் விட்ட சில விபரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



"பிள்ளையளுக்கு ஊக்கம் வாற மாதிரி ஒரு பத்து நிமிசம் பேசும்" என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் உயர்தரத்தோடு படிப்பு நின்றவன். பக்டரியில் நெத்தலி மீன் போத்தலில் அடைக்கிறவன். குறளும் தேவாரமும் சொல்லிப் பேச இங்கே ஆசிரியர்மார் இருக்கினம், என்னை விடுங்கோ என்றேன். "உமக்குத் தெரிஞ்சதைப் பேசும்" என்றார்கள்.

எனக்குத் தெரிந்தது இரண்டு விசயம். ஒன்று பேஸ்போல் விளையாட்டு. மற்றது எங்கள் வீட்டு நாய். பல்லரோவில் இருக்கிறவர்களுக்கு இது புதினமில்லை. இந்த இரண்டைப் பற்றியும் சந்தைக்குள்ளே காண்கிற ஆட்களையெல்லாம் மறித்து வைத்துக் கதைக்கிறவன் நான். வேலைக்கு நேரமாகுது என்று சொல்லித் தப்பி ஓடுவீர்கள். இன்றைக்கு ஓட ஏலாது, சாப்பாடு என்னுடைய பேச்சுக்குப் பிறகுதான்.

பேஸ்போல் எங்களுக்குத் தெரியாத விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஊரில் எல்லே விளையாடியவர்களுக்கு அதில் பாதி தெரியும். எல்லேயில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு தரிப்பாக ஓடிச் சுற்றி வர வேண்டும். பேஸ்போலிலும் அதுதான் வேலை. மூன்று தரிப்புகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வீடு'. வீட்டிலிருந்து புறப்பட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்தவனுக்குத்தான் புள்ளி. எங்களைப் போன்ற சனத்துக்கு இந்த விதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எல்லேயில் பந்து போடுகிறவர் எங்கள் ஆள். அடிக்க வாகாகப் போடுவார். பேஸ்போலில் போடுகிறவர் எதிர்ப்பக்கம். மணிக்கு 140, 150 கிலோமீற்றர் வேகத்தில், வளைத்தும் இறக்கியும் போடுவார். பந்து கையை விட்டுப் புறப்பட்டு எங்களிடம் வந்து சேர அரைச் செக்கன் கூட ஆகாது. அதற்குள்ளே அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இந்த அமெரிக்க விளையாட்டுக்கும் எங்கள் பலெர்மோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்ட்ரலே ஸ்ரேசனில் விமானநிலையப் பக்கம் போகிற ரயிலில் ஏறுங்கள். மேற்கே 15 கிலோமீற்றர் அளவில் ஈசொலா தெல்லே ஃபெம்மினே என்று ஒரு கடற்கரை ஊர் வரும். முன்னால் கடலுக்குள் ஒரு குட்டித் தீவும், அதில் இடிந்த ஒரு கோபுரமும் தெரியும். நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தி அந்த ஊரிலிருந்து மீனவக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போயின. வள்ளத்தையும் வலையையும் விட்டால் வேறு தொழில் தெரியாத சனம்.

அப்படி 1898இல் போனவர் ஜுசெப்பே திமாஜியோ என்ற மீனவர். மனைவியின் தகப்பன் முதலே அங்கு போயிருந்தார். இங்கே வந்தால் பிழைக்கலாம் என்று அவர் எழுதிய கடிதத்தை நம்பிப் போனார். சில ஆண்டுகள் தனியே உழைத்து, பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார். மனைவியின் பெயர் ரொசாலியா. பலெர்மோவின் காவல் தெய்வத்தின் பெயர். எங்கள் சனம் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறிப் போய்க் கும்பிடுகிற அதே புனிதையின் பெயர். ஒருவர் முன்னுக்குப் போவது, கடிதம் எழுதுவது, காசு சேர்ப்பது, பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவது. இந்தக் கதை எங்கள் வீட்டுக் கதையா அவர்கள் வீட்டுக் கதையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள். எட்டாவது பிள்ளை ஜோ, 1914இல் பிறந்தவர். தகப்பனுக்கு ஆண்பிள்ளைகள் ஐவரும் வள்ளத்தில் ஏற வேண்டும் என்று விருப்பம். ஜோவுக்கு மீன் மணம் பிடிக்காது. வள்ளம் கழுவக் கூப்பிட்டால் ஆள் மறைந்துவிடுவார். தடியும் பந்துமாக வெறும் வளவுகளில் நிற்பார். தகப்பன் அவரைச் சோம்பேறி என்று பேசினார். அந்தச் சோம்பேறிதான் 1936இல் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்குள் போய், 1951இல் ஓய்வு பெறுமுன் அந்த அணியோடு ஒன்பது உலகக் கிண்ணத் தொடர்களை வென்ற ஜோ திமாஜியோ. அவருடைய சகோதரர்கள் வின்ஸ், டொம் இருவரும் அதே உயர்ந்த நிலையில் விளையாடினார்கள். தகப்பன் பிறகு பேப்பரில் பேஸ்போல் கணக்குப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஜோ திமாஜியோ தன் காலம் முழுவதும் 6821 தடவை அடிக்க நின்றிருக்கிறார். அதில் சரியாக அடித்தது 2214 தடவை. மிச்சம் 4607 தடவை ஆட்டமிழந்து தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார். பத்துக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் பள்ளிக்கூடத்தில் 32 புள்ளி எடுத்தால் வாத்தியார் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். பேஸ்போலில் 32 புள்ளி எடுத்தவர் சரித்திரத்தில் நிற்கிறார். 1941இல் டெட் வில்லியம்ஸ் என்பவர் பத்துக்கு நான்கு எடுத்தார். ஒரு முழுப் பருவத்துக்கு அப்படி எடுப்பது மிகவும் அரிது.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் சமூகம் பத்துக்குப் பத்து கேட்கிற சமூகம். பிள்ளை 90 புள்ளி கொண்டு வந்தால் மிச்சப் பத்தும் எங்கே என்று கேட்போம். வீட்டில் ஒருவருக்கு முதல் விண்ணப்பம் நிராகரிப்பு வந்தால் ஊர் முழுக்கத் தோற்றுப்போன ஆள் என்று கதை. மொழிப் பரீட்சை ஒருதரம் பிழைத்தால் அடுத்த தரம் போகிறதில்லை. வேலை கேட்டு இரண்டு இடத்தில் இல்லை என்றால் மூன்றாவது கதவைத் தட்டுவதில்லை. கதவைத் திறப்பதும் திறக்காததும் மற்ற ஆளின் கையில். பந்து எப்படி வரும் என்பது போடுகிறவரின் கையில். தடியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய் நிற்பது மட்டும்தான் எங்கள் கையில். 4607 தடவை தலை குனிந்தவருக்கு 2214 தடவை கைதட்டல் கிடைத்தது, 6821 தடவையும் போய் நின்றபடியால்தான்.

அதே 1941ஆம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. மே 15 தொடக்கம் ஜூலை 16 வரை, 56 ஆட்டங்களில், ஒவ்வோர் ஆட்டத்திலும் திமாஜியோ குறைந்தது ஓர் அடியாவது அடித்தார். ஒரு நாள் கூடப் பிழைக்கவில்லை. அந்தச் சாதனையை இன்றுவரை ஒருவரும் முறியடிக்கவில்லை. கிட்ட வந்தவர் 1978இல் பீட் ரோஸ், அவரும் 44இல் நின்றுவிட்டார். ஜூலை 17, கிளீவ்லாண்ட் நகரில், 57ஆவது ஆட்டம். அன்றைக்கு ஒரு பந்தும் பலிக்கவில்லை. அறுந்துபோனது.

எல்லோரும் 56ஐப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது 58ஆவது ஆட்டம். நாடே பார்த்துக்கொண்டிருக்க அறுந்துபோன கயிற்றை விட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் போய் நின்று திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார். அடுத்த 16 ஆட்டங்களில் தொடர்ச்சியாக அடித்தார். 16 என்பது சாதனைப் பட்டியலில் இல்லை. ஆனால் உறவுகளே, இந்த மண்டபத்தில் இருக்கிற எங்களில் அனேகமானோருக்கு வாழ்க்கை ஒரு நாளில் அறுந்ததுதான். ஒருவருக்கு 1983, ஒருவருக்கு 1995, எனக்கு 2009. அதற்குப் பிறகு நாங்கள் இங்கே வாழ்வதெல்லாம் 58ஆவது ஆட்டத்துக்குப் பிறகு வருகிற ஆட்டங்கள். அவற்றை ஒருவரும் எண்ணுவதில்லை. நாங்களாவது எண்ண வேண்டும்.

திமாஜியோ கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் போனது. இத்தாலி எதிரி நாடானது. அமெரிக்காவில் குடியுரிமை எடுக்காமல் இருந்த ஏறக்குறைய 6 லட்சம் இத்தாலியர் 'எதிரி நாட்டு அந்நியர்' என்று பதியப்பட்டார்கள். படம் ஒட்டிய புத்தகம் ஒன்றை எந்நேரமும் கொண்டு திரிய வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். ரேடியோ வைத்திருக்க ஏலாது. வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் போக அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஜோ திமாஜியோவின் தாயும் தகப்பனும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கடலில் மீன் பிடித்த கிழவனுக்குத் துறைமுகப் பக்கம் போகத் தடை. மகனின் பெயரில் அங்கே நடந்த சாப்பாட்டுக் கடைக்கும் போக முடியாது. நாடு முழுக்கப் படம் ஒட்டிக் கொண்டாடிய மகன், 1943இல் அதே நாட்டின் இராணுவத்தில் சேர்ந்தார்.

1942 ஒக்டோபரில் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். நடந்தது அநியாயம் என்று சட்டமாக எழுதி ஒப்புக்கொண்டது 2000ஆம் ஆண்டில். அப்போது ஜுசெப்பே இறந்து அரை நூற்றாண்டு. ஜோவும் அதற்கு முந்திய ஆண்டு, 1999இல், இறந்துவிட்டார்.

சொஜோர்னோவுக்கு விடியப்புறம் வரிசையில் நிற்கும்போது எனக்கு இந்தக் கிழவனை நினைவு வரும். இந்த ஊரிலிருந்து போன மனுசன் வேறொரு நாட்டில் எங்களைப் போல நின்றிருக்கிறார். எங்கள் சந்தையில் தக்காளி விற்கிறவரின் பேரனோ மாமனோ எங்காவது அப்படி நின்றிருப்பார். "உங்கட ஆக்களும் போனவைதானே" என்று கதையைத் தொடங்கிப் பாருங்கள். சிசிலிக்காரர் வீட்டில் வெளிநாடு போகாத குடும்பம் குறைவு. பெட்டியிலிருந்து படம் எடுத்துக் காட்டுவார்கள்.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு சொல். ஜுசெப்பே கெட்ட தகப்பனில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிள்ளைக்குக் காட்டினார். நாங்களும் அப்படித்தான், டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் ஜேர்மனியில் மாமா. பிள்ளை தானாக ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள். கூடவே, பிள்ளைகளின் கடதாசிகளையும் கவனியுங்கள். இங்கே பிறந்து இடைவிடாமல் இங்கேயே வளர்ந்த பிள்ளை, 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி 18 வயதாகி ஒரு வருடத்துக்குள் குடியுரிமை கேட்கலாம். அந்த ஒரு வருடம் ஓடிப்போகிற வருடம். பள்ளிக்கூடக் கடதாசி, தடுப்பூசிப் புத்தகம், வதிவிடப் பதிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சரி, இனி நாய்க்கு வருகிறேன்.

எங்கள் சனத்துக்கு நாய் என்றால் வளவைக் காக்கிற சீவன். விறாந்தைக்கு மேலே ஏறக்கூடாது. கோபம் வந்தால் மனிசரைத் திட்டவும் அதன் பெயர்தான். ஆனால் நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றவரின் நட்பைத்தான் தேடிக்கொள் என்கிறது. பாகனையே கொல்லும் யானை. எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலை ஆட்டும் நாய். படித்தபோது பரீட்சைக்குப் பாடமாக்கினேன். விளங்கியது பல்லரோவில்.

சந்தை மூடுகிற நேரம் இறைச்சிக் கடைப் பக்கம் சுற்றித் திரிந்த குட்டி ஒன்று என் பின்னால் வந்தது. பதிவு எடுத்து, சிப் போட்டு, ஊசி போட்டு வளர்த்தேன். மணி என்று பெயர் வைத்தேன். இத்தாலிய மொழியில் 'மானி' என்றால் கைகள். "நாய்க்குக் கைகள் எண்டு ஆர் பெயர் வைப்பான்?" என்று மாடிப்படியில் இருக்கிற கிழவி சிரித்த சிரிப்பில்தான் எங்கள் கட்டிடத்தில் எனக்கு முதல் சிநேகம் கிடைத்தது. அதற்கு முந்தி இரண்டு வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியும் தலையாட்டலோடு சரி.

என்னுடைய அம்மா வன்னியிலிருந்து வந்தவ. இங்கு வந்த பிறகு மூன்றாம் மாடியை விட்டு இறங்கமாட்டா. பாசை தெரியாது, ஆரையும் தெரியாது, சந்தைக்காரர் கத்துகிற கத்தல் பயம். அப்பன்னியாத்தா என்று சொல்லுகிற அந்தக் கூவி விற்கிற சத்தம் சண்டை என்றே நினைத்திருந்தா. நாய் வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போவன் என்று சொன்னவ, சொன்னபடியே வெளியே போனா, நாயோடு. நான் வேலைக்குப் போனால் மணியை வெளியே கொண்டுபோக வேறு ஆள் இல்லை. காலை எட்டு மணிக்கு பியாசா தெல் கார்மினே வரை போய் வருவது அவவின் வேலையாயிற்று. சட்டப்படி ஒன்றரை மீற்றருக்கு மேற்படாத கயிறு, சுத்தம் பண்ணப் பை, எல்லாம் கையில் இருக்கும். ஒரு மாதத்தில் அம்மாவுக்கு 'லா மம்மா தி மானி' என்று பெயர் விழுந்தது. மணியின் அம்மா. ஊரில் கிராமசேவகர் வீட்டுக்கு முன்வீடு என்று மரியாதையாக வாழ்ந்த மனுசிக்கு நாயின் தாய் என்ற பட்டம்! அம்மா முதலில் கோபித்தா. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறா.

போன வருடம் ஒரு காலை அம்மா தலை சுற்றிச் சந்தை நடுவில் விழுந்துவிட்டா. நான் பக்டரியில். அம்மாவிடம் போன் இல்லை, வாயில் இத்தாலிய மொழி இல்லை. ஆனால் மரக்கறிக்காரருக்கு மணியைத் தெரியும். மணி எந்தப் படிக்கு முன்னால் நிற்கும் என்று கோப்பிக் கடைப் பெடியனுக்குத் தெரியும். படிக்கட்டுக் கிழவிக்கு என்னுடைய போன் இலக்கம் தெரியும். கால் மணித்தியாலத்தில் அம்புலன்சும் வந்தது, எனக்கும் செய்தி வந்தது. பிரசர் குளிசையோடு அம்மா இப்போது நல்ல சுகம். அந்தா மூன்றாம் வரிசையில் இருந்து, ஏன் என்னைப் பற்றிக் கதைக்கிறாய் என்று முறைக்கிறா.

மணியை நான் வளர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கமிருந்து தருமபுரம் நோக்கி வெளிக்கிட்டபோது எங்கள் ஜிம்மியைச் சங்கிலி அவிழ்த்துவிட்டு, இருந்த சோற்றையெல்லாம் கொட்டி வைத்துவிட்டு வந்தோம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடிவந்தது. பிறகு படலைக்குத் திரும்பிப் போய்விட்டது. இந்த மண்டபத்தில் எத்தனை வீட்டில் ஒரு ஜிம்மி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மனிதர் செத்த இடத்தில் நாய்க்கு அழுவதா என்று நாங்கள் வாய் திறப்பதில்லை.

இத்தாலியில் வாய் திறந்திருக்கிறார்கள். பிளோரன்ஸ் பக்கம் போர்கோ சான் லொரென்ஸோ என்ற ஊரில் ஒரு நாய்க்குச் சிலை இருக்கிறது. அதன் பெயர் ஃபீதோ. கார்லோ சொரியானி என்ற தொழிலாளி வாய்க்காலில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தார். தினமும் பஸ் தரிப்புவரை கூடப் போகும், மாலையில் வந்து காத்திருக்கும். 1943 டிசம்பர் 30இல் விமானக் குண்டுவீச்சில் சொரியானி இறந்தார். ஃபீதோ அன்று மாலையும் தரிப்புக்கு வந்தது. அடுத்த 14 ஆண்டுகளும் வந்தது. 1957இல் அது உயிரோடு இருக்கும்போதே ஊரார் சிலை வைத்தார்கள். 1958இல் இறந்தது.

குண்டுக்கு அகப்பட்ட ஒரு தொழிலாளியை ஊர் மறக்காமல் இருப்பது ஒரு நாயால்தான். அந்தக் கதையை இத்தாலிய அயலவருக்குச் சொல்லி, எங்கள் படலையில் நின்ற சீவன்களின் கதையையும் சொன்னால், நாங்கள் எதிலிருந்து வந்தோம் என்று அவர்களுக்கு விளங்கும். நூறு அறிக்கை படித்து விளங்காதது, படிக்கட்டுக் கிழவிக்கு ஜிம்மியின் கதையில் விளங்கியது.

எல்லோரும் நாய் வளர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது செலவு, பொறுப்பு, பதினைந்து வருடக் கடமை. வளர்த்துவிட்டுத் தெருவில் விடுவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். நான் கேட்பது சின்ன விசயம். நாய் எங்களைச் செய்ய வைத்ததை நாய் இல்லாமலும் செய்யலாம். தினமும் ஒரே நேரத்தில் படியிறங்குங்கள். அதே நாலு பேருக்கு வணக்கம் சொல்லுங்கள். தனி அறையில் இருக்கிற எங்கள் முதியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுடைய முகம் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் வராவிட்டால், "ஏன் இண்டைக்குக் காணேல்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். அதுதான் ஊர்.

சித்திரை பிறக்கிறதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அமெரிக்காவில் பேஸ்போல் பருவமும் தொடங்குகிறது. போன வருடக் கணக்கெல்லாம் மூடி, எல்லோருக்கும் பூச்சியத்திலிருந்து புதுக் கணக்கு. நாங்களும் கைவிசேடம் வாங்கிப் புதுக் கணக்கு எழுதுகிற நாள் இது. இந்த வருடம் பத்துக்கு மூன்று போதும் என்று எழுதுங்கள். ஆனால் பத்துத் தரமும் போய் நில்லுங்கள்.

சாப்பாட்டு வாசம் வருகிறது. எலும்பு மிஞ்சினால் எறியாமல் என்னிடம் தாருங்கள். வீட்டில் ஓர் ஆள் காத்திருக்கிறார்.